அதபு: ஓர் அரவு வித்தியாசம்



பதிவு கொஞ்சம் நீளம். அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துவிட்டு இஷாவுக்குப் பிறகு ஒரு பிளேன்டீயோடு வாசியுங்கள்.

சென்ற தவணைப் பரீட்சையில் தரம் 8 பிள்ளை ஒருவர் கட்டுரையில் இப்படி எழுதியிருந்தார்: "ஆசிரியர்கள் வகுப்புக்கு வந்தால் நாங்கள் அதாபுடன் எழுந்து நிற்க வேண்டும்." சிரிப்பு வந்தது. சிவப்புப் பேனையால் அரவை வெட்டினோம், புள்ளி குறைக்கவில்லை. பக்கத்து மேசை சேரிடம் காட்டினோம். அவரும் சிரித்தார், பிறகு, "புள்ள சரியாத்தான் எழுதியிருக்கு, நம்மட பாடம் அப்பிடி" என்றார்.

தமிழ் எழுத்தில் ஓர் அரவுதான் வித்தியாசம். அதபு என்றால் நல்லொழுக்கம், பண்பாக நடந்துகொள்ளும் முறை. அதாபு என்றால் வேதனை, தண்டனை. கப்ருடைய அதாபு என்று ஓதப் பள்ளியில் கேட்டுப் பயந்தோமே, அது. அரபியில் இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒன்று அலிஃபில் தொடங்குகிறது, மற்றது ஐனில். ஒன்றில் வருவது தால், மற்றதில் வருவது புள்ளி வைத்த தால். எமது தமிழில் இருப்பதோ ஒரே 'அ', ஒரே 'த'. எழுத்துக் குறைந்த வீட்டுக்கு விருந்துக்கு வந்த இரண்டு சொற்களும் ஒரே பாயில் படுத்துவிட்டன. கிழக்கு ஆபிரிக்காவின் சுவாஹிலி மொழிக்கும் இதே இரண்டு சொற்கள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அங்கும் ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒரே ஓர் எழுத்துத்தான் இரண்டையும் பிரிக்கிறது. அங்குள்ள பிள்ளைகளும் மாற்றி எழுதி, அங்குள்ள டீச்சர்மாரும் சிரிப்பார்கள் என்று நினைக்கிறோம்.

அதன் பிறகு சில நாட்களாக இந்தச் சொல்லைப் பற்றியே யோசனை. எத்தனையோ நல்ல தமிழ்ச் சொற்கள் இருக்க, எம் வீடுகளில் ஏன் இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம்?

மரியாதை என்று சொல்லலாம். அது வடமொழியிலிருந்து வந்த சொல். அதன் பழைய பொருள் எல்லை, கரை. இதற்கு மேல் வராதே என்று கோடு கீறும் சொல். ஒழுக்கம் என்று சொல்லலாம். ஒழுகுதலிலிருந்து வந்தது, ஒரு நெறியில் வழுவாமல் போய்க்கொண்டே இருத்தல். திருக்குறளில் அதற்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது, பண்புடைமைக்கு இன்னொன்று. அழகான சொல்தான். ஆனால் பாடசாலைக்குள் அது "ஒழுக்காற்றுக் குழு" ஆகிவிட்ட பிறகு, அந்தச் சொல்லைக் கேட்டதும் பிள்ளைகளின் முகம் மாறிவிடுகிறது. நாகரிகம் நகரத்திலிருந்து வந்தது. எமது ஊரில் நாகரிகம் என்றால் புது டிசைன் அபாயா என்றுதான் பொருள்.

அதபு என்று சொன்னால் இவை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உள்ளே இருக்கின்றன, வேறொன்றும் இருக்கிறது. அதை விளக்க எமக்கு அகராதியை விட வாப்பும்மாதான் உதவுகிறார்.

வாப்பும்மா மனிதர்களுக்கு மட்டும் அதபு கேட்டவர் அல்ல. தண்ணீரை நின்றுகொண்டு குடித்தால் "இருந்து குடி மகன், தண்ணிக்கும் அதபு இரிக்கி" என்பார். சாமான் சுற்றி வந்த கடதாசியில் எழுத்து இருந்தால், அது சிங்களப் பத்திரிகையாக இருந்தாலும் காலில் படக்கூடாது. கீழே விழுந்த பாணைப் பொறுக்கி மதில் மேல் காகத்துக்கு வைக்க வேண்டும். பக்கத்து வீட்டில் மௌத்து என்றால் எங்கள் வீட்டு ரேடியோ வாயைத் திறக்காது. நோயாளியைப் பார்க்கப் போனால் கட்டிலில் உட்காரக்கூடாது, நீண்ட நேரம் இருக்கக்கூடாது, இதே நோயில் செத்துப்போன ஆட்களின் கதையைச் சொல்லக்கூடாது. (இந்தக் கடைசி அதபை எமது ஊரில் ஒருவரும் கற்கவில்லை.) யாராவது எம் வீட்டில் எதையாவது உடைத்துவிட்டால் முதலில் அவர்களைப் பார்க்கக்கூடாது, உடைந்ததைப் பார்க்க வேண்டும். இதை அவர் எங்கும் படித்ததில்லை. கையொப்பத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைத்தவர்.

ஆக, எதிரில் இருப்பது எதுவோ அதற்குரிய இடத்தைக் கொடுப்பது. ஆளுக்கு ஆளின் இடம், சோற்றுக்குச் சோற்றின் இடம், துக்கத்துக்குத் துக்கத்தின் இடம். மலேசிய அறிஞர் செய்யித் முஹம்மத் நகீப் அல்-அத்தாஸ் கிட்டத்தட்ட இதைத்தான் பெரிய தத்துவமாகச் சொன்னார். 1977இல் மக்காவில் நடந்த முஸ்லிம் கல்வி பற்றிய முதலாவது உலக மாநாட்டில், கல்வி என்பதற்கு 'தஃலீம்', 'தர்பியா' என்ற சொற்களை விட 'தஃதீப்' என்ற சொல்லே பொருத்தம் என்று வாதிட்டவர் அவர். அதபைப் புகட்டுதல் என்று பொருள். முஸ்லிம் சமூகத்தின் நோய்க்கு அவர் வைத்த பெயரே அதபின் இழப்பு. வாப்பும்மாவை அவர் சந்தித்திருந்தால் இருவரும் நன்றாகப் பேசியிருப்பார்கள்.

சொல்லின் வேரைத் தேடிப் போனபோது எமக்குப் பிடித்த இன்னொன்று கிடைத்தது. அரபியில் இதே வேர் எழுத்துக்களிலிருந்து வரும் இன்னொரு சொல் 'மஃதுபா'. விருந்து என்று பொருள், அதுவும் ஆட்களை அழைத்துக் கொடுக்கும் விருந்து. 'லிஸானுல் அரப்' என்ற பேரகராதியைத் தொகுத்த இப்னு மன்ஸூர், மனிதர்களை நல்லவற்றின் பக்கம் அழைப்பதால்தான் அதபுக்கு அந்தப் பெயர் என்று இரண்டையும் இணைத்து விளக்கம் தருகிறார். பிற்காலத்தில் இத்தாலிய அறிஞர் நல்லினோ, இல்லை, அது வழக்கம் என்று பொருள்படும் வேறொரு சொல்லிலிருந்து வந்தது என்றார். அறிஞர்கள் சண்டை பிடிக்கட்டும். நாம் விருந்துக் கட்சி. காரணம், நாம் சஹனில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

தெற்கிலும் மேற்கிலும் மலைநாட்டிலும் ஒரு சஹனுக்கு ஆறு பேர். விரிப்பைச் சுற்றி உட்கார்ந்து, கை கழுவத் தண்ணீர் வந்து, மூடி திறந்ததும் உள்ளே நெய்ச்சோறு, கோழி, இறைச்சிக் கறி, கத்தரிக்காய், அச்சாறு, ஓரத்தில் வட்டிலாப்பம். அந்த ஆறு பேரில் ஒருவர் மாமாவாக இருக்கலாம், ஒருவர் கொழும்பில் பெரிய வியாபாரியாக இருக்கலாம், ஒருவர் மரம் அரியும் காலையில் பணிபுரியும் நானாவாக இருக்கலாம். யார் யாரோடு உட்காருவது என்று எவரும் பெயர் ஒட்டுவதில்லை. மூத்தவர் கை வைக்கும் வரை பொறுக்க வேண்டும். உன் பக்கத்துச் சோற்றைத்தான் நீ சாப்பிட வேண்டும். கை எல்லை தாண்டிப் போகக்கூடாது. கோழியை ஒருவர் கையால் பிய்த்து ஆறு பேர் பக்கமும் வைப்பார். அப்படிப் பிய்ப்பவருக்குத்தான் பெரும்பாலும் எலும்பு மிஞ்சும். நீ வேகமாகச் சாப்பிடுபவனாக இருந்தால் மெதுவாகச் சாப்பிடு, ஏனென்றால் நீ முடித்துக் கையை எடுத்தால் மற்றவர் வெட்கத்தில் வயிறு நிறையாமல் எழும்புவார்.

எமக்கு எட்டு ஒன்பது வயதில் ஒரு கல்யாண வீட்டில் நடந்தது. எங்கள் சஹனில் உடுப்புப் பழசான ஒரு வயோதிபர் இருந்தார். பல் இல்லை, மெல்ல மெல்லச் சாப்பிட்டார். மற்ற நான்கு பெரியவர்களும் எப்போதோ சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். ஆனால் ஒருவர்கூடக் கையை எடுக்கவில்லை. சோற்றைக் கிண்டினார்கள், அச்சாற்றை நக்கினார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். அந்த மனிதர் போதும் என்று கையை எடுத்த பிறகுதான் ஐவரும் எழும்பினோம். அவருக்கு அது தெரிந்ததா என்று தெரியாது. தெரியாமல் செய்வதுதான் அதில் விஷயமே என்று வீட்டுக்கு வரும் வழியில் வாப்பா சொன்னார்.

இப்போது மண்டபத்தில் பஃபே. வரிசையில் நிற்கும்போது கையில் போன், தட்டில் மலை. சஹனை ஒழித்ததற்குச் சுகாதாரம் காரணம் என்கிறார்கள், இருக்கலாம், கொரோனாவுக்குப் பிறகு பலருக்கு மனம் வருவதில்லை. குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இருபது நிமிடப் பாடத்தை நாம் எந்தப் பாடநேரத்தில் வைத்து நடத்துவது என்று விளங்கவில்லை.

வெளிநாடு போய் வந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் வேறு முகங்கள் தெரிந்திருக்கும். இன்றைய அரபியில் அதப் என்றால் இலக்கியம். பல்கலைக்கழகத்தின் கலைப் பீடத்துக்கு 'குல்லிய்யதுல் ஆதாப்' என்று பலகை இருக்கும். துருக்கியிலும் இலக்கியத்துக்கு இதே வேரிலிருந்துதான் சொல். எழுதப் படிக்கத் தெரிந்தவன் நடக்கவும் பேசவும் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் நினைத்திருக்கிறார்கள் போலும். தமிழ்ப் பாட ஆசிரியர் என்ற வகையில் எமக்கு இதில் ஒரு சின்னப் பெருமை உண்டு. லக்னோவில் ஆதாப் என்றால் வணக்கம் சொல்லும் முறை. கையை நெற்றியருகே உயர்த்தி, எந்த மதத்தவரும் எந்த மதத்தவருக்கும் சொல்லலாம். இந்தோனேசியாவின் அரசக் கொள்கையான பஞ்சசீலாவின் இரண்டாவது கொள்கையில் இந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது: நீதியும் அதபும் உள்ள மனிதநேயம். அவர்களுக்கு 'பெரடாபன்' என்றால் நாகரிகம், 'பியாடப்' என்றால் காட்டுமிராண்டி. ஒரு நாடு தன்னைக் கட்டும்போது அத்திவாரத்தில் போட்ட கல்.

எமது நாட்டிலேயே பக்கத்து வீட்டில் ஒரு நல்ல சொல் இருக்கிறது. வலயக் கல்வி அலுவலகத்தில் ஒரு செயலமர்வு. பகல் சாப்பாட்டு நேரம் ஒரு சிங்கள மிஸ், நாம் பேசிக்கொண்டிருந்ததில் காதில் விழுந்த அதபு என்றால் என்ன என்று கேட்டார். அரைகுறைச் சிங்களத்தில் விளக்கினோம். "ஆ, ஹெதிச்சகம!" என்றார். ஹெதிச்ச என்றால் நன்றாக உருவான, நன்றாக வளர்க்கப்பட்ட. ஏதோ ஒன்று செய்யப்படும், உருவாகும் என்பதற்கான வினையிலிருந்து வந்தது. நொஹெதிச்ச என்று ஒருவரைத் திட்டினால், நீ இன்னும் உருவாகவில்லை என்று பொருள். திட்டிலும் ஒரு நம்பிக்கை இருக்கிறது பாருங்கள். இன்னும் உருவாகலாம்.

இனித்தான் கசப்பான பகுதி.

எங்கள் காலத்தில் "ஒனக்கு அதபு படிச்சித் தாரன்" என்று ஒருவர் சொன்னால் அது போதனை அல்ல, மிரட்டல். பிரம்பு வரப்போகிறது என்று பொருள். அரபியிலும் தஃதீப் என்ற அந்தச் சொல்லுக்குக் கற்பித்தல் என்றும் தண்டித்தல் என்றும் இரண்டு பொருளும் உண்டு. ஆகவே பக்கத்து மேசை சேர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எங்கள் காதில் அந்த அரவு எப்போதோ விழுந்துவிட்டது. கல்வி அமைச்சின் 2005/17 இலக்கச் சுற்றறிக்கை பாடசாலையில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்றது. 12/2016 இலக்கச் சுற்றறிக்கை அதையே மீண்டும் வலியுறுத்தியது. ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்ல வேண்டி வந்ததிலிருந்தே நிலைமை விளங்கும்.

பிரம்பு குறைந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பிரம்பு செய்த வேலையை இப்போது அந்தச் சொல்லே செய்யத் தொடங்கியிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் நாம் படிப்பித்த ஒரு பாடசாலையில் நடந்தது. பெயர் வேண்டாம். மண்டபத்துக்கு உதவி செய்வதாகச் சொன்ன ஒரு தனவந்தர் காலைக் கூட்டத்தில் பேசினார். நல்ல மனிதர், நல்ல நோக்கம். பேச்சின் நடுவில், இந்த ஊர்ப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கக் காரணம் பெற்றோருக்கு அக்கறை இல்லாததுதான் என்றார். அதையே மூன்று நான்கு தடவை வேறு வேறு விதமாகச் சொன்னார். பேச்சு முடிந்து, யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். தரம் 10 மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான். எழுந்து நின்று, ஸலாம் சொல்லி, இவ்வளவுதான் சொன்னான்:

"சேர், எங்கட வாப்பா ராவைக்கு ரெண்டு மணிக்கு எழும்பி பேலியகொடைக்கு மீன் எடுக்கப் போற. பகல் ஒரு மணிக்குத்தான் வித்து முடிச்சிட்டு வார. அக்கறை இல்லாம இல்ல சேர். நேரந்தான் இல்ல."

மண்டபம் அமைதியாகிவிட்டது. தனவந்தர் சிரித்துச் சமாளித்தார். ஆனால் ஆசிரியர் அறைக்கு வந்ததும் புயல். "அதபில்லாத புள்ள." "பெரிய மனிசனுக்கு முன்னால இப்பிடியா?" "இது வளர்ப்புப் பிழ." ஒருவராவது அவன் சொன்னது பொய் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அடுத்த நாள் தகப்பனைக் கூப்பிட்டார்கள்.

அவர் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். குளித்து, சுத்தமான சாரமும் சேர்ட்டும் உடுத்து, தொப்பியும் போட்டு. ஆனாலும் மீன் வாடை முழுதாகப் போகாது, அது அவர் குற்றமில்லை. அலுவலகத்தில் மூன்று கதிரைகள் வெறுமையாக இருந்தன. ஒருவரும் இருங்கள் என்று சொல்லவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த ஒருவர், அவரை விட இருபது வயது இளையவர், "நீதானா அவன்ட வாப்பா?" என்று கேட்டார். நீ. அங்கே அதபைப் பற்றிய விசாரணை நடந்துகொண்டிருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

சிற்றூழியராக இருந்த ஒரு பெரியவர்தான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இரிங்க நானா, மேலெல்லாம் வேர்த்திருக்கி" என்று விசிறியைப் போட்டுவிட்டுப் போனார்.

மகனை அழைத்து வந்தார்கள். தகப்பன் அவனைத் திட்டவில்லை. "கையை உசத்தித்தானே கேட்ட?" என்றார். "ஓ வாப்பா." "ஸலாம் சொன்னியா?" "சொன்ன வாப்பா." கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அதிபர் பக்கம் திரும்பி, அந்தப் பெரிய மனிதரின் மனம் நொந்திருந்தால் தான் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னதாக அவரிடம் சொல்லிவிடுங்கள் என்றார். மகன் கேட்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதை எல்லோரும் கவனித்தோம்.

அதன் பிறகு ஆசிரியர் அறையில் இரண்டு நாள் வாக்குவாதம். நாம் பையன் பக்கம் பேசினோம். எமக்கு எதிராகப் பேசியவர்களில் நாம் மிகவும் மதிக்கும் ஒரு மூத்த டீச்சரும் இருந்தார். அவரது வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது: "இண்டைக்கு இவன் நல்ல விஷயத்துக்கு எழும்பினான். நாளைக்கு இன்னொருத்தன் விளையாட்டுக்கு எழும்புவான். வந்தவருக்கு முன்னால வாயைத் தொறக்காம இருக்கப் பழக்கினா ரெண்டு பேரையும் காப்பாத்தலாம்." முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவரின் அனுபவம் அது. ஆனால் கேள்வி இருக்கிறதா என்று கேட்டவரே அந்த விருந்தினர்தான். கேள் என்று சொன்ன பிறகும் கேட்காமல் இருப்பதுதான் அதபு என்றால், கேள் என்று சொன்னது என்ன?

முடிவில் தண்டனை ஒன்றும் கொடுக்கவில்லை, சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிவைத்தார்கள். தனவந்தர் அடுத்த வருடம் வரவில்லை. மண்டபத்தின் பின்சுவர் நாம் இடமாற்றம் பெற்றுப் போகும்வரை வர்ணம் பூசாமலேயே இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் சிலர் அவனை நினைவுபடுத்தினார்கள். அந்தப் பையன் அந்தத் தவணை முழுவதும் எந்தப் பாடத்திலும் கையை உயர்த்தவில்லை. விடை தெரிந்த கேள்விக்கும் உயர்த்தவில்லை. அதுவரை எமது வகுப்பில் முதலில் உயரும் கை அதுதான். "நல்ல அமைதியாகிட்டான், திருந்திட்டான்" என்று ஒருவர் சந்தோஷப்பட்டார்.

எமக்கு அந்தச் சொல்லின் மேல் கோபம் வந்த காலம் அது. ஆனால் கோபம் சொல்லின் மேல் வர வேண்டியதில்லை என்பது, பிறகு கொஞ்சம் தேடி வாசித்தபோது விளங்கியது.

பதின்னான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு ஜமாஆ என்ற நீதிபதியும் அறிஞருமானவர் (மறைவு 1333) கற்றல், கற்பித்தல் பற்றி ஒரு நூல் எழுதினார். மௌலவிமார் அறிந்திருப்பார்கள். அதன் தலைப்பிலேயே இருப்பது அறிஞரின் அதபும் மாணவரின் அதபும். யார் முதலில் என்று பாருங்கள். ஆசிரியர் எப்படி மாணவரை வரவேற்க வேண்டும், எப்படிப் பாகுபாடு காட்டக்கூடாது என்பதெல்லாம் ஆசிரியருக்குரிய அதபு. 'அதபுல் காழி' என்று நீதிபதிகளுக்காகவே ஒரு தனித் துறை நூல்கள் உண்டு. அவை வழக்காளி நீதிபதிக்கு எப்படிப் பணிய வேண்டும் என்று சொல்ல வந்தவை அல்ல. நீதிபதி கோபத்தில் இருக்கும்போது தீர்ப்புச் சொல்லக்கூடாது, இரு தரப்பையும் சமமாக உட்கார வைக்க வேண்டும், ஒருவர் பக்கம் மட்டும் முகம் கொடுத்துப் பேசக்கூடாது என்று, கதிரையில் இருப்பவரைக் கட்டிப்போடுபவை. எமது காதி நீதிமன்றங்களுக்குப் போய், வாசலில் அரை நாள் நின்றுவிட்டு வந்த பெண்களிடம் இதைச் சொன்னால் என்ன சொல்வார்களோ.

ஸலாத்தின் முறையையே எடுங்கள், ஓதப் பள்ளியில் முதல் வருடம் படித்தது. சிறியவர் பெரியவருக்குச் சொல்ல வேண்டும். இது எல்லோருக்கும் மனப்பாடம். அதே பாடத்தில், வாகனத்தில் போகிறவர் நடந்து போகிறவருக்குச் சொல்ல வேண்டும், நடப்பவர் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது. அதாவது பிராடோவில் போகிற முதலாளி, பாதையோரம் நடந்து போகிற கூலி நானாவுக்குக் கண்ணாடியை இறக்கி ஸலாம் சொல்ல வேண்டும். பாடத்தின் முதல் பாதி மட்டும் எப்படி எங்கள் நினைவில் தங்கியது?

பொம்பிளைப் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் மோசம். பதின்மூன்று வயதுப் பிள்ளை பாதையில் சத்தமாகச் சிரித்தால் அதபில்லை. தராவீஹ் நேரத்தில் பள்ளிக்குப் பின்பாதையில் சைலன்சர் கழற்றிய மோட்டார் சைக்கிளில் சுற்றும் அவளது நானாவுக்கு "வாலிபம்தானே". ஜமாஅத் கூட்டத்தில் கணக்கைக் கேட்ட வாலிபருக்கு அதபில்லை; மூன்று வருடமாகக் கணக்குக் காட்டாதவருக்கு அந்தச் சொல்லை யாரும் பாவிப்பதில்லை. எல்லா ஊரிலும் இப்படி என்று சொல்லவில்லை. உங்கள் ஊரில் இல்லை என்றால் மாஷா அல்லாஹ்.

பிள்ளைகளுக்கு அதபில்லை என்று நாம் குறைப்படும்போது, அவர்கள் பார்க்கும் எம்மைப் பற்றியும் பேச வேண்டும். வீட்டுக்கு வந்தால் மூன்று தடவை அனுமதி கேள், பதில் இல்லாவிட்டால் திரும்பிப் போ, கதவுக்கு நேரே நிற்காதே, ஓரமாக நில் என்று பழக்கப்பட்டவர்கள் நாம். இப்போது ஒருவர் போனை எடுக்காவிட்டால் பதினொரு தடவை அடிக்கிறோம், பிறகு வட்ஸ்அப்பில், பிறகு அவரது மனைவியின் போனுக்கு. வகுப்புப் பெற்றோர் குழுமத்தில் ஒருவரின் உம்மா மௌத்தான செய்தி வந்தது. அதற்குக் கீழே நாற்பது பேர் இன்னாலில்லாஹ் போட்டார்கள். நாற்பத்தோராவதாக ஒருவர் வளவு விற்பனைக்கு உண்டு என்று, தண்ணீர், மின்சார வசதியோடு, பேர்ச் விலையோடு போட்டார். ஒரு பிள்ளை பிழை செய்ததற்காக அதன் பெயரைப் பத்துப் பெற்றோர் பார்க்கும்படி குழுமத்தில் எழுதுவதும் நடக்கிறது. இதைத் தரம் 6 பிள்ளைகளும் வாசிக்கிறார்கள், ஏனென்றால் உம்மாவின் போன் பெரும்பாலும் அவர்கள் கையில்தான்.

எமது வகுப்பில் இந்த வருடம் ஒரு சின்ன வேலை தொடங்கினோம். "இன்று நீங்கள் பார்த்த அதபு" என்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும். தாம் செய்ததை அல்ல, வேறொருவர் செய்யப் பார்த்ததை. முதல் வாரம் எல்லோரும் டீச்சர்மாரைப் பற்றி எழுதினார்கள்; பிழைக்கத் தெரிந்த பிள்ளைகள். மூன்றாம் வாரம் முதல் வேறு மாதிரி வரத் தொடங்கியது. ஒருவர் எழுதியிருந்தார்: "பஸ்ஸில் கொண்டக்டர் ஒரு வயசான ஆளுக்கு மிச்சக் காசைக் கையில் எண்ணி எண்ணி வைத்தார், அவருக்குக் கண் தெரியாது என்று." இன்னொருவர்: "எங்கள் தாத்தா சட்டியின் அடியில் பிடித்த சோற்றைத் தனக்குப் போட்டுக்கொண்டார், யாரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்." ஒரு பிள்ளை, "இன்று பார்க்கவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தது. அதற்கும் சரி போட்டோம்.

உறவுகளே, உங்களிடம் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். கிழக்கில், மன்னாரில், புத்தளத்தில் இருப்பவர்கள்: உங்கள் பக்கம் இந்தச் சொல்லை எப்படிச் சொல்கிறீர்கள், வேறு சொல் இருக்கிறதா? வாப்பும்மா, உம்மும்மா, மூத்தம்மா யாராவது சொன்ன, எந்தப் புத்தகத்திலும் இல்லாத அதபு ஒன்று உங்களிடம் இருந்தால் கீழே எழுதுங்கள். அடுத்த தவணை பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டப் போகிறோம். பெயர் போட வேண்டாம் என்றால் உள்பெட்டியில் அனுப்பினாலும் சரி.